அடுத்த கடிகாரம் வரட்டும், அவசரம் என்ன?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வந்துவிட்டால் தொழில்நுட்பச் செய்தி படிப்பவர்களுக்குத் திருவிழாக் காலம் தொடங்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2016 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய திறன்கடிகாரம் ஒன்றை அறிவித்து வருகிறது. அது மேடைக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதன் நிறம், தடிமன், விலை, உணர்கருவிகள் என எல்லாமே இணையத்தில் உலா வரத் தொடங்கிவிடும். கூடவே விற்பனைக் கணிப்புகளும் வரும். “இம்முறை கடைகளில் வரிசை பிடித்து வாங்குவார்கள்” என்பார் ஒருவர். “திறன்கடிகாரங்களின் காலம் முடிந்துவிட்டது” என்பார் இன்னொருவர். இருவருமே அந்தக் கடிகாரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் வணிகம் பயிலும் மாணவியான நானும் இந்த ஊகங்களை விரும்பிப் படிப்பவள்தான். ஆனால், பொழுதுபோக்காகப் படிப்பது வேறு. அதை நம்பி முடிவெடுப்பது வேறு. புதிய கடிகாரம் எத்தனை மில்லியன் விற்கும் என்பது ஆப்பிளின் பங்குதாரர்களுடைய கவலை. அந்த ஊகங்கள் நம் வீட்டுப் பணத்தையும் வீட்டுப் பெரியவர்களின் உடல்நலத்தையும் தொடும்போது அது நம் கவலையாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச நினைக்கிறேன்.

ஊகம் எங்கிருந்து வருகிறது?

எல்லா ஊகமும் கற்பனை அன்று. ஒரு கடிகாரம் கடைக்கு வருவதற்கு முன் பல கைகளைக் கடந்து வருகிறது. திரை தயாரிப்பவர், மின்கலம் தயாரிப்பவர், பாகங்களைப் பொருத்துபவர் என ஆசியாவெங்கும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் துணுக்குகளை வைத்துப் பெயர் பெற்றவர் மிங்-சி குவோ என்ற பகுப்பாய்வாளர். புளூம்பர்க் செய்தியாளர் மார்க் கர்மன் நிறுவனத்துக்குள் இருப்பவர்களிடமிருந்து தகவல் திரட்டி எழுதுபவர். இவை தவிர, சோதனைக்காக வெளியிடப்படும் மென்பொருளில் ஒளிந்திருக்கும் வரிகளையும், அரசாங்க ஒப்புதலுக்காகத் தாக்கல் செய்யப்படும் ஆவணங்களையும் துருவிப் பார்ப்பவர்களும் உண்டு.

ஆக, ஆரம்பத் தகவல் பெரும்பாலும் உண்மையான ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அது கைமாறும்போதுதான் உருமாறுகிறது. “இப்படியொரு பாகத்தைச் சோதிக்கிறார்கள்” என்பது முதல் செய்தி. “அடுத்த கடிகாரத்தில் இது இருக்கலாம்” என்பது இரண்டாவது செய்தி. “அடுத்த கடிகாரத்தில் இது வருகிறது” என்பது மூன்றாவது. “இதனால் விற்பனை இரட்டிப்பாகும்” என்பது நான்காவது. நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்த நான்காவது செய்திதான்.

2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7 தட்டையான ஓரங்களோடு வரும் என்று பல மாதங்களாகப் படங்களுடன் செய்திகள் பரவின. செப்டம்பரில் மேடையேறிய கடிகாரத்தின் ஓரங்களோ எப்போதும்போல் வளைந்தே இருந்தன. ஒரு பொருளின் வடிவத்தையே சரியாகச் சொல்ல முடியாதபோது, அதை உலகம் முழுவதும் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2015இல் நடந்தது என்ன?

ஆப்பிளின் முதல் கடிகாரம் 2014 செப்டம்பர் 9ஆம் தேதி அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரல் 24ஆம் தேதி ஒன்பது சந்தைகளில் விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூருக்கு ஜூன் 26ஆம் தேதிதான் வந்தது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் நிபுணர்கள் போட்டி போட்டுக்கொண்டு கணித்தார்கள். முதல் ஆண்டில் 10 மில்லியனைக்கூட எட்டாது என்றவர்களும் இருந்தார்கள்; 40 மில்லியன் விற்கும் என்றவர்களும் இருந்தார்கள். ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே தகவல்களை வைத்துக்கொண்டு செய்த கணிப்புகளில் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! ஒரு வகுப்புத் தேர்வில் இப்படி விடை எழுதினால் ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் கடிகாரத் துறையைச் சேர்ந்த ஷான்-குளோட் பிவேர் அப்போது டேக் ஹோயர் உள்ளிட்ட புகழ்பெற்ற கடிகாரப் பெயர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆப்பிள் கடிகாரத்தின் தோற்றத்தை, முதல் பருவத்தில் படிக்கும் மாணவர் வரைந்ததைப்போல் இருக்கிறது என்று அவர் கேலி செய்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் அதே டேக் ஹோயர், கூகல், இன்டெல் நிறுவனங்களோடு கைகோத்து, 1,500 அமெரிக்க டாலர் விலையில் தன் சொந்தத் திறன்கடிகாரத்தை வெளியிட்டது. கேலி செய்தவர்களும் அதே குளத்தில் இறங்கிவிட்டார்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு விற்றது? ஐடிசி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015இல் ஏறத்தாழ 11.6 மில்லியன். பெரிய எண்ணைச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள். “பார்த்தீர்களா, தோல்வி” என்று பலர் எழுதினார்கள். ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2019ஆம் ஆண்டில் ஆப்பிள் ஏறக்குறைய 31 மில்லியன் கடிகாரங்களை அனுப்பியது என்றும், ஒட்டுமொத்தச் சுவிஸ் கடிகாரத் துறையும் சேர்ந்து சுமார் 21 மில்லியனை மட்டுமே அனுப்பியது என்றும் ஸ்ட்ராட்டஜி அனலிட்டிக்ஸ் நிறுவனம் மதிப்பிட்டது. தோல்வி என்று தீர்ப்பு எழுதியவர்களும் ஏமாந்தார்கள்.

இருதரப்பினரும் தவறவிட்டது ஒன்றுண்டு. 2015இல் அந்தக் கடிகாரம் ஓர் அலங்காரப் பொருளாகத்தான் சந்தைப்படுத்தப்பட்டது. 10,000 அமெரிக்க டாலருக்கும் அதிக விலையில் தங்கக் கடிகாரம்கூட விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அந்தத் தங்கம் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து மறைந்தது. மக்கள் அதை ஓடுவதற்கும் நீந்துவதற்கும் இதயத் துடிப்பைப் பார்ப்பதற்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனமும் அவர்கள் பின்னால் போய், 2018இல் ஈசிஜி எடுக்கும் வசதியைச் சேர்த்தது. எத்தனை விற்கும் என்று எண்ணியவர்களில் பலர், எதற்காக வாங்குவார்கள் என்ற கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு பொருளின் விற்பனையைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் கருத்து.

வராமலே போன கடிகாரங்கள்

ஊகங்கள் சில நேரங்களில் இல்லாத பொருளையே உருவாக்கிவிடுகின்றன. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் கேமரா பொருத்திய திறன்கடிகாரம் ஒன்றைத் தயாரிப்பதாக 2021இல் செய்திகள் வந்தன. படம்கூடக் கசிந்தது. அது ஆப்பிளுக்குப் போட்டியாக இருக்குமா, எவ்வளவு விற்கும் என்றெல்லாம் பலர் எழுதினார்கள். 2022 ஜூன் மாதம் மெட்டா அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அத்தனை கணிப்புகளும் வராத பொருளுக்குச் சொன்ன ஜாதகமாகிவிட்டன.

வந்த பிறகு காணாமல் போனவையும் உண்டு. பெபல் என்ற சிறு நிறுவனம் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 100,000 அமெரிக்க டாலர் கேட்டு, 10 மில்லியன் டாலருக்கும் மேல் திரட்டியது. திறன்கடிகாரங்களின் எதிர்காலமே அதுதான் என்று அப்போது பேசப்பட்டது. 2016 இறுதியில் பெபல் தன் கதவை மூடிக்கொண்டது. அதன் மென்பொருளையும் ஊழியர்கள் பலரையும் ஃபிட்பிட் எடுத்துக்கொண்டது. அந்த ஃபிட்பிட்டை 2021 ஜனவரியில் கூகல் வாங்கி முடித்தது. பெபலை நம்பி வாங்கியவர்கள் கையில் கடிகாரம் இருந்தது; அதைத் தயாரித்த நிறுவனம் இல்லை. ஒரு கடிகாரம் நன்றாக விற்குமா என்ற கேள்வியில் வாடிக்கையாளரான நமக்கும் ஓர் அக்கறை இருக்கிறதென்றால், அது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

எண்களைப் படிக்கும் முறை

பொருளியல், வணிகம், புள்ளியியல் பாடங்களை எடுப்பவர்களுக்கு இந்தப் பகுதி உதவலாம். “விற்பனை” என்று செய்தியில் வரும் எண் எப்போதும் விற்பனையைக் குறிப்பதில்லை.

2013 செப்டம்பரில், ஆப்பிள் கடிகாரம் பற்றிய வதந்திகள் உச்சத்தில் இருந்தபோது, சாம்சுங் முந்திக்கொண்டு கேலக்ஸி கியர் கடிகாரத்தை வெளியிட்டது. இரண்டே மாதங்களில் 800,000 விற்றுவிட்டதாக நவம்பரில் செய்தி பரவியது. பிறகு சாம்சுங் அளித்த விளக்கம் என்ன தெரியுமா? அது கடைகளுக்கு அனுப்பப்பட்ட கடிகாரங்களின் எண்ணிக்கை. கடையிலிருந்து வாடிக்கையாளரின் கைக்குப் போனவை எத்தனை என்பது வேறு கணக்கு. நோட்டுப் புத்தகத்தைப் புத்தகக் கடைக்கு அனுப்புவதும் மாணவர் அதை வாங்குவதும் ஒன்றாகிவிடுமா?

ஆப்பிள் இன்னும் ஒருபடி மேலே. முதல் கடிகாரம் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 2014 அக்டோபரில், கடிகார விற்பனையைத் தனியாகச் சொல்லப்போவதில்லை, மற்றப் பொருள்களோடு சேர்த்தே கணக்குக் காட்டுவோம் என்று அறிவித்துவிட்டது. இன்றுவரை எத்தனை கடிகாரங்கள் விற்றன என்று அந்த நிறுவனம் வாய் திறந்ததில்லை. நாம் படிக்கும் எண்கள் எல்லாம் வெளியாட்களின் மதிப்பீடுகள். ஆண்டு முடிவில் விடைத்தாள் வெளியிடப்படாத தேர்வு இது. அதனால்தான் தவறாகக் கணித்தவர் அடுத்த ஆண்டும் துணிவோடு கணிக்கிறார்.

ஆனாலும், வெளியிடப்பட்ட எண்களிலிருந்து சிலவற்றை ஊகிக்க முடியும். கடிகாரம், ஏர்பாட்ஸ் செவிப்பொறி, வீட்டுச் சாதனங்கள் எல்லாம் சேர்ந்த பிரிவில் ஆப்பிளின் வருமானம் 2022 நிதியாண்டில் சுமார் 41.2 பில்லியன் அமெரிக்க டாலர். 2023இல் 39.8 பில்லியன். 2024இல் 37 பில்லியன். 2025இல் 35.7 பில்லியன். தொடர்ந்து மூன்று ஆண்டுகளாக இறங்குமுகம். இதில் செவிப்பொறியின் பங்கு எவ்வளவு, கடிகாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால், கவுண்டர்பாய்ண்ட் ஆய்வு நிறுவனமும் 2024இல் உலகத் திறன்கடிகாரச் சந்தை முதன்முறையாக, 7 விழுக்காடு, சுருங்கியது என்றும், ஆப்பிளின் சரிவு அதைவிட அதிகம் என்றும் மதிப்பிட்டது. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இன்னொரு துப்பும் இருக்கிறது. கடிகாரம் வாங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் முதன்முறையாக வாங்குபவர்கள் என்று ஆப்பிள் தன் காலாண்டு அறிக்கைகளின்போது பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறது. அதை மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். ஏற்கெனவே பல மில்லியன் பேர் கையில் கடிகாரம் இருக்கிறது. அவர்கள் அடிக்கடி புதியதற்கு மாறினால், வாங்குவோரில் அவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பழையது இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? ஐந்து ஆண்டுக்கு முந்திய கடிகாரமும் நேரம் காட்டுகிறது, காலடிகளை எண்ணுகிறது, குறுஞ்செய்தி வந்தால் மணிக்கட்டில் தட்டுகிறது. புதியதன் மிகப் பெரிய போட்டியாளர் பழையதுதான்.

அடுத்த கடிகாரம் பற்றி என் கணிப்பு

இவ்வளவு சொல்லிவிட்டு நானும் கணிக்கலாமா என்று கேட்பீர்கள். எண் எதுவும் சொல்லாமல் கணிக்கிறேன்.

முதலாவதாக, ஆப்பிள் கடிகாரம் ஐஃபோனோடு மட்டுமே இயங்கும். ஆண்ட்ராய்டு திறன்பேசி வைத்திருப்பவர் அதை வாங்கினால் அலமாரியில்தான் வைக்க வேண்டும். ஆகவே, எவ்வளவு சிறந்த கடிகாரத்தை உருவாக்கினாலும் அதன் விற்பனைக்கு ஐஃபோன் வைத்திருப்போரின் எண்ணிக்கை என்ற கூரை இருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் இந்தக் கட்டுப்பாட்டையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்த்திருக்கிறது. இரண்டாவதாக, சீன நிறுவனங்களான ஹுவாவெய், ஷாவ்மி ஆகியவை குறைந்த விலையில் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சக்தி நிற்கும் கடிகாரங்களையும் கைப்பட்டைகளையும் விற்கின்றன. ஆப்பிளின் வழக்கமான கடிகாரமோ 2015இலிருந்து சீரிஸ் 10 வரை “18 மணி நேரம்” என்ற அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2025இல் வந்த சீரிஸ் 11தான் அதை 24 மணி நேரமாக உயர்த்தியது. அந்த மாற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

ஆகவே, அடுத்த கடிகாரம் சுமாராக விற்கும் என்பதே என் எண்ணம். பழைய கடிகாரத்தின் மின்கலம் தளர்ந்து போனவர்கள் வாங்குவார்கள். புதிதாக ஐஃபோனுக்கு மாறியவர்கள் சிலர் வாங்குவார்கள். வரிசையில் நின்று வாங்கும் காலம் திரும்பி வராது. அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடிய ஒரே ஒரு வசதி இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் கவனமாகப் பேச வேண்டும்.

ஊசி இல்லாமல் சர்க்கரை அளவு

தோலைத் துளைக்காமல் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கும் கடிகாரம் வரப்போகிறது என்ற வதந்திக்குப் பல வயது ஆகிவிட்டது. ஆப்பிள் அதற்காக ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்துவருவதாக நம்பத்தக்க செய்திகள் வந்துள்ளன. ஆனால், விற்பனைக்கு வரவில்லை. காரணம் அறிவியல்தான். இதயத் துடிப்பை அளக்க, கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்த ஓட்டம் மாறும்போது திரும்பி வரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்க்கிறது. அது பெரிய மாற்றம் என்பதால் எளிதில் பிடிபடுகிறது. சர்க்கரையின் அளவு மாறும்போது ஒளியில் ஏற்படும் மாற்றமோ மிகமிக நுண்ணியது. வியர்வை, தோலின் நிறம், உடலின் வெப்பம், கையின் அசைவு எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்கெல்லாம் தெரியும். எந்த இந்தியக் குடும்பத்தில்தான் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஒரு பெரியவர் இல்லை? என் பாட்டியும் அப்படித்தான். சென்ற ஆண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் ஒரு விளம்பரத்தைப் பகிர்ந்தார். ஐம்பது வெள்ளிக்கும் குறைவான கடிகாரம். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் காட்டுமாம். “அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தால் தினமும் குத்திக்கொள்ள வேண்டாமே” என்று அன்போடு எழுதியிருந்தார். ஆப்பிளே கொண்டுவரப்போகிறது என்று செய்தியில் படித்திருந்ததால், இந்தக் கடிகாரத்திலும் அது இருக்கும் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

வதந்தி செய்யும் வேலை இதுதான். பெரிய நிறுவனம் இன்னும் செய்து முடிக்காத ஒன்றை “வந்துகொண்டே இருக்கிறது” என்று செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அது ஏற்கெனவே சாத்தியமாகிவிட்டது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைப் பெயர் தெரியாத விற்பனையாளர்கள் காசாக்கிக்கொள்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றித் தெளிவாகவே எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தத் திறன்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது அனுமதி அளிக்கவில்லை என்றும், அத்தகைய சாதனங்களை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்றும் அது சொன்னது. தோலுக்கு அடியில் நுண்ணிய இழையைச் செருகி அளக்கும் உணர்கருவிகள் வேறு. அவை அனுமதி பெற்றவை. அவற்றின் அளவைக் கடிகாரத்தின் திரையில் பார்க்கலாம். ஆனால், அளப்பது தோலுக்கடியில் இருக்கும் கருவி. கடிகாரம் வெறும் அறிவிப்புப் பலகைதான். இந்த வேறுபாட்டை வீட்டில் விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் நாம்தான். அன்று குழுவில் நானும் என் அண்ணனும் விளக்கினோம். மாமா கோபித்துக்கொள்ளவில்லை; வாங்கவும் இல்லை.

அரைகுறையாக உண்மையாகும் வதந்தியும் குழப்பத்தை உண்டாக்கும். ஆப்பிள் கடிகாரம் இரத்த அழுத்தத்தை அளக்கப்போகிறது என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் ஏதோ வந்தது. ஆனால், அது அழுத்தத்தை எண்ணாகக் காட்டுவதில்லை. 30 நாள் தரவுகளைப் பார்த்து, உயர் இரத்த அழுத்தத்துக்கான அறிகுறி தெரிந்தால் எச்சரிக்கிறது, அவ்வளவுதான். அந்த எச்சரிக்கை வராததாலேயே ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இல்லை என்று முடிவு செய்துவிடவும் முடியாது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று: இந்த வசதி புதிய சீரிஸ் 11க்கு மட்டும் உரியதன்று. மென்பொருளைப் புதுப்பித்தால் சீரிஸ் 9இலும் அது இயங்கியது. அதற்காகவே புதிய கடிகாரத்துக்குக் காத்திருந்த பழைய பயனாளர்கள் பலர் ஒரு காசும் செலவழிக்காமல் அதைப் பெற்றிருக்கலாம்.

மேடையில் அறிவித்த அன்றே எல்லா நாடுகளுக்கும் எல்லாம் வந்துவிடுவதும் இல்லை. 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஈசிஜி வசதி சிங்கப்பூர்ப் பயனாளர்களுக்கு 2019 ஜூலையில்தான் கிடைத்தது. மருத்துவம் சார்ந்த வசதி என்பதால் ஒவ்வொரு நாட்டின் ஒப்புதலும் தேவைப்படுகிறது. அமெரிக்காவிலோ இரத்தத்தில் உயிர்வாயு அளவைக் காட்டும் வசதி, மாசிமோ நிறுவனத்துடனான காப்புரிமை வழக்கால், 2024 ஜனவரி முதல் விற்கப்பட்ட கடிகாரங்களில் முடக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட்டில் மாற்று வடிவில்தான் திரும்பியது. பெட்டியில் இருக்கும் உணர்கருவி நாளையும் வேலை செய்யும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை.

பள்ளி வாசலில்

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2026 ஜனவரி முதல் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும்கூட, திறன்பேசிகளையும் திறன்கடிகாரங்களையும் பயன்படுத்தக் கூடாது என்பது கல்வி அமைச்சின் விதிமுறை. தேசியத் தேர்வுக்கூடங்களில் அவற்றுக்கு ஏற்கெனவே இடமில்லை. ஆகவே, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அந்தக் கடிகாரம் பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோதான் கழிக்கும். அப்படியிருக்க, புதியதுதான் வேண்டும் என்று பெற்றோரிடம் அடம்பிடிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கணக்கு வேறு. நம்மில் பலர் பகுதிநேரமாக வேலை செய்கிறோம். மணிக்கு 12 வெள்ளி சம்பளம் என்றும், கடிகாரத்தின் விலை 600 வெள்ளி என்றும் வைத்துக்கொண்டால், அதற்காக 50 மணி நேரம் உழைக்க வேண்டும். வார இறுதியில் பத்து மணி நேரம் என்றால் ஐந்து வாரங்கள். அந்தக் கடிகாரம் உங்களை ஓட வைக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அடுத்த ஆண்டு அதில் ஏதோ வரப்போகிறது என்று யாரோ சொன்னதற்காக வாங்காதீர்கள்.

நடப்பதற்கு இவ்வளவு செலவும் தேவையில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தேசியக் காலடிச் சவாலைத் தொடங்கியபோது காலடி எண்ணும் கருவிகளை இலவசமாகவே கொடுத்தது. பின்னர் ஃபிட்பிட்டோடும், 2020இல் லூமிஹெல்த் என்ற செயலி வழியாக ஆப்பிளோடும் அரசாங்கம் கைகோத்தது. இந்தத் திட்டங்கள் சொல்வது ஒன்றுதான்: பயன் நடையில் இருக்கிறது. எண்ணுவதற்கு எந்தக் கருவியானாலும் போதும்.

எண்ணுவதிலும் ஒரு அளவு வேண்டும். தூக்கத்தின் மதிப்பெண்ணைக் கடிகாரத்தில் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெடுபவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி, அந்தப் போக்குக்கு “ஆர்த்தோசோம்னியா” என்று பெயரும் வைத்தார்கள். தேர்வுக்கு முந்திய இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கினோம் என்பதை நமக்குச் சொல்ல 600 வெள்ளிக் கருவி வேண்டுமா என்ன? கண்ணாடியே சொல்லிவிடும்.

மூன்று கேள்விகள்

திறன்கடிகாரம் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. விழுந்துவிட்ட முதியவருக்கு உதவி வரவழைத்த கடிகாரங்களும், இதயத் துடிப்பின் கோளாறை முன்கூட்டியே காட்டி மருத்துவரிடம் அனுப்பிய கடிகாரங்களும் உண்மையிலேயே இருக்கின்றன. நல்ல கருவியை நல்ல காரணத்துக்காக வாங்குவதில் தவறே இல்லை.

அடுத்த முறை “வரவிருக்கும் கடிகாரம்” என்ற தலைப்பைப் பார்க்கும்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொல்பவருக்கு எப்படித் தெரியும்? ஆலையிலிருந்து வந்த தகவலா, நான்காவது கையாக வந்த ஆசையா? அவர் சொல்லும் எண் விற்றதைக் குறிக்கிறதா, கடைக்கு அனுப்பியதைக் குறிக்கிறதா, யாரோ போட்ட மதிப்பீட்டையா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: இன்று கடையில் இருக்கும் கடிகாரம், இன்று அது செய்யும் வேலைக்காகவே, எனக்கு வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு “ஆம்” என்று சொல்ல முடிந்தால் இன்றே வாங்கலாம். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால், புதியது வந்த பிறகு சென்ற ஆண்டுக் கடிகாரத்தைக் குறைந்த விலையில் வாங்கலாம். “இல்லை” என்றால், அந்தக் கடிகாரம் உலகம் முழுவதும் 10 மில்லியன் விற்றாலும் 40 மில்லியன் விற்றாலும் நமக்கு ஒன்றுதான். சர்க்கரை அளக்கும் கடிகாரம் பற்றிய விளம்பரம் உங்கள் குடும்பக் குழுவுக்கும் ஒருநாள் வரும். அப்போது பேசாமல் கடந்து போகாதீர்கள். இருமொழியில் படித்த நாம்தான் ஆங்கிலத்தில் வெளியாகும் எச்சரிக்கையைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.